மெத்தைத் தரை

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வரப் போகிறது என்றதும் ஆளாளுக்கு ஒரு ஆசை முளைத்தது. விளையாட்டு வாத்தியாருக்குப் பெரிய கூடம் வேண்டும். நூலக டீச்சருக்கு நாலு பக்கமும் ஜன்னல் வேண்டும். தலைமையாசிரியைக்கு ஒழுகாத கூரை ஒன்று இருந்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றார். தையல்காரம்மாவுக்கு மட்டும் கூரையைப் பற்றியும் கவலை இல்லை, சுவரைப் பற்றியும் கவலை இல்லை. கட்டடத்தை மேலே திறந்தே விட்டிருந்தாலும் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அவள் கண்ணெல்லாம் தரைமேல்தான்.

பெற்றோர் சார்பில் கட்டடக் குழுவில் ஒருத்தர் வேண்டும் என்றபோது மற்றவர்கள் எல்லாம் நழுவப் பார்த்தார்கள். இவள் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில்தான் அவளுடைய தையல் கடை. பாதிப் பிள்ளைகளின் சீருடை அவள் கையால் தைத்தது. அவளுடைய ஒரே மகளும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். பெயர் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வாய் அப்படி. டீச்சர் ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். வாய்க்கு இருந்த பலத்தில் பாதி காலுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கால் சதைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கிற வியாதி. டாக்டர் சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை, தையல்காரம்மா நுழைய விடவும் இல்லை. நின்றுகொண்டு கதையளந்துகொண்டே இருப்பாள் வாலு, அடுத்த நிமிடம் தரையில் கிடப்பாள். தடுக்கியும் விழமாட்டாள், வழுக்கியும் விழமாட்டாள். முழங்கால் மடங்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தின் பழைய சிமெண்டுத் தரை தேய்ந்து ஜல்லி வெளியே தெரிகிற தரை. அதில் விழுந்து ஒரு தடவை தாடை கிழிந்துபோனது. ஊருக்கெல்லாம் தையல் போடுகிறவள், மகள் தாடையில் போட்ட தையலைப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு மகளின் கால்சட்டைகளை எல்லாம் பிரித்து, முழங்கால் பக்கம் உள்ளே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தாள். தாடைக்கு அப்படி எதுவும் தைக்க முடியவில்லை. அதனால்தான் தரையையே மாற்றிவிடுவது என்று கிளம்பினாள்.

முதல் கூட்டத்திலேயே இன்ஜினியரோடு முட்டிக்கொண்டாள். அவர் டைல்ஸ் கட்சி.

"டைல்ஸ் போட்டா கவலையே இல்லம்மா. ஒரு தடவ துடைச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"துடைக்கிறதுக்கா சார் பள்ளிக்கூடம் கட்டறீங்க? புள்ளைங்க விழும் சார்."

"புள்ளைங்கன்னா விழத்தான் செய்யும்."

"அப்படியா? நீங்க ஒரு தடவ முட்டி போட்டுப் பாருங்களேன்."

சும்மா வாய்ப்பேச்சு இல்லை. பையிலிருந்து ஒரு டைல்ஸ் துண்டையும் ஒரு தடித்த ரப்பர் துண்டையும் எடுத்துக் கீழே வைத்தாள். எங்கெங்கோ கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருந்தாள். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போட்டுத்தான் பாருங்களேன் சார்" என்றதும் மனுஷனுக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. டைல்ஸ்மேல் முட்டி போட்டார், முகம் கோணியது. ரப்பர்மேல் முட்டி போட்டார், எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தார். அன்றைக்கு அவளுக்கு மெத்தையம்மா என்று பெயர் விழுந்தது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

அந்தத் தலைமையாசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கு எது வாங்குவதானாலும் முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்ப்பார். பெஞ்சானாலும் சரி, தண்ணீர்க் குழாயானாலும் சரி. தரைக்கும் அதையே செய்தார். பழைய கட்டடத்தின் நீள நடைபாதையில் மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். சுவரோரம் டைல்ஸ், நடுவில் கெட்டியான வினைல் ஷீட், இந்தப் பக்கம் தடித்த ரப்பர். யார் எதில் வேண்டுமானாலும் நடக்கலாம். அடுத்த வாரம் கூடி முடிவு.

முதல் நாள் இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூடமே ரப்பர் பட்டைமேல் ஏறி நின்றது. டைல்ஸ் பக்கம் இன்ஜினியரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. வாலு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரப்பர் பட்டையில் கால் வைத்தாள். நாலு எட்டு நடந்தாள், வழக்கம்போல் முழங்கால் மடங்கிப் பொத்தென்று விழுந்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. விழுந்தவள் சிரித்தாள்.

"அம்மா, வலிக்கவே இல்லம்மா! இன்னொரு தடவ விழட்டுமா?"

அன்று கடைக்குத் திரும்பிய தையல்காரம்மா சந்தோஷத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து பிரித்தாள். பிரிக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் தரைக்காரர் வந்தார். மூன்று சரக்கும் அவருடையதுதான். தொப்பையும் துண்டுமாக, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அவர் ஒரு கேள்வி வரிசை வைத்திருப்பார், அதைக் கேட்காமல் சரக்கை இறக்கமாட்டார்.

"எனக்கு ரப்பர் வித்தாதான் லாபம். இருந்தாலும் கேக்க வேண்டியத கேட்டுடறேன். புள்ளைங்க ஷூ போடுமா, வெறுங்காலா?"

"ரெண்டும் உண்டு" என்றார் தலைமையாசிரியை.

"பெஞ்ச இழுப்பீங்களா, தூக்குவீங்களா?"

"தூக்கச் சொல்வோம். இழுப்பாங்க."

"தண்ணி சிந்துமா?"

"சிந்தாம?"

"சக்கர நாற்காலி ஏதாவது ஓடுமா?"

தலைமையாசிரியை தையல்காரம்மாவைப் பார்த்தார். இன்ஜினியர் கையிலிருந்த வரைபடத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"இல்ல" என்றாள் தையல்காரம்மா.

"இப்ப இல்ல, சரி. இனிமே வர்ற மாதிரி..."

"இல்லன்னு சொல்றேன்ல!"

தரைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். எதற்குக் கோபப்படுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. பழக்கதோஷத்தில் நூலகத்துப் புத்தக வண்டியை இழுத்து வந்து மூன்று பட்டையிலும் தள்ளிக் காட்டினார். நடுப் பட்டையில் ஒரு விரலால் தள்ளினார், ஓடியது. ரப்பரில் வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இடுப்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"நடக்கிறவங்களுக்கு இது சொர்க்கம். சக்கரத்துக்கு எமன். சக்கரமே கிடையாதுன்னா கண்ண மூடிட்டுப் போடலாம்."

"அதான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தலைமையாசிரியை பார்த்த பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டியிருப்பாள். அது இரக்கப் பார்வை. அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். மதியம் ஒரு நடை முடிந்ததும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அன்றைக்கு அவன் முன்னால் தட்டை வைத்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"கேக்கறான் பாருங்க ஒரு கேள்வி. சக்கர நாற்காலி ஓடுமான்னு. நல்ல நேரத்துல வாயில வருது பாருங்க."

அவன் கை தட்டிலேயே நின்றது. "நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவாங்க?"

"கட்டடம் எப்ப திறக்கறாங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுமாம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். துணி எதுவும் வைக்காமலே மிதிக்க ஆரம்பித்தாள். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"ஒண்ணுதான் சொன்னாரு. நீயும்தான் பக்கத்துல இருந்த." அவன் கையைக் கழுவிவிட்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றான். "நீ இன்னிக்கு இருக்கற காலுக்குத் தரை தேடிட்டு இருக்க. அந்தத் தரைய போடும்போது அவ..."

"புள்ள இன்னும் நடந்துட்டு இருக்கா! அதுக்குள்ள நீங்க உக்கார வெச்சுட்டீங்களா? பெத்த அப்பன் பேசற பேச்சா இது?"

"நான் உக்கார வெக்கலம்மா. உக்காந்தப்புறமும் அவ வகுப்புக்குள்ள போகணும்ல? அதத்தான் சொல்றேன்."

அவன் போய்விட்டான். பஸ் யாருக்காகவும் நிற்காதே. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. வாலுவுக்குத் தபால்காரி வேலை கிடைத்தது. "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா அனுப்பினால், அப்பாவிடம் போய்ச் சேரும்போது அது "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க, வரும்போது எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரணுமாம்" என்று வளர்ந்திருக்கும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். சிரித்தாலும் பேசவில்லை.

பள்ளி விடுமுறை நாளில் தைத்த சீருடைகளை ஒப்படைக்கப் போனாள் தையல்காரம்மா. மூட்டை கனத்தது. நடைபாதையில் ஆளில்லை. மருத்துவ அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கால் சுளுக்கிய பிள்ளைகளை வாசல்வரை கொண்டுபோக ஒரு சக்கர நாற்காலி அங்கே மூலையில் கிடக்கும். மூட்டையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றுதான் வெளியே இழுத்தாள். அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானே அதில் உட்கார்ந்தாள்.

நடுப் பட்டையில் முதலில் போனாள். சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளிக் கையை எடுத்தாள், நாற்காலி தானாகவே ஓடியது. திருப்பி ரப்பர் பட்டையில் ஏற்றினாள். சக்கரம் லேசாகப் புதைந்தது. தள்ளினாள். தள்ளத் தள்ளத்தான் நகர்ந்தது, கையை எடுத்த இடத்திலேயே நின்றது. கனத்த துணியை மடிப்பு மடிப்பாக வெட்டுகிற கை அவளுடையது. அந்தக் கையே பாதி தூரத்தில் கடுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அவளுக்கு மகளின் கை ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் வாலு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கத் தோழியிடம் நீட்டுகிறாள். தலை சீவக் கையைத் தூக்கச் சொன்னால், "நீயே சீவிவிடும்மா, எனக்குத் தூக்கம் தூக்கமா வருது" என்கிறாள். சோம்பேறிக் கழுதை என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே இவளும் சீவிவிட்டாள். சோம்பல் இல்லை அது. இவளுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மகளுக்கு இருக்கிற பலம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். நாற்காலி அசையவில்லை. மறுபடி தள்ளினாள். அசையவில்லை. அவள் அலைந்து திரிந்து, சண்டை போட்டு, ஒரு பெரிய மனுஷனை முட்டி போட வைத்துக் கொண்டுவந்த தரை, அவள் மகளை நடைபாதையின் நடுவில் பிடித்து நிறுத்திவைக்கும். மற்ற பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

அலுவலகத்தில் ஏதோ வேலையாக வந்திருந்த தலைமையாசிரியை எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டும் போட முடியாதா டீச்சர்?" என்று இவள்தான் கேட்டாள். "வகுப்புக்குள்ள மெத்தை, வெளிய இது. அப்படிப் போட முடியாதா?"

"நானும் அதத்தான் கேட்டேன். ஒண்ணு தடிமன், ஒண்ணு மெல்லிசு. வாசலுக்கு வாசல் ஒரு மேடு நிக்குமாம். நடக்கற புள்ள அதுல தடுக்கும், நாற்காலி அதுல மாட்டும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "வரைபடத்துல சரிவுப்பாதை போட்டிருந்தேனே, பாத்தீங்களாம்மா?"

"புத்தக வண்டிக்குன்னு நெனச்சேன்."

"இல்லம்மா."

தையல்காரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். மூட்டையைத் தூக்கித் தலைமையாசிரியை அறையில் வைத்தாள். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கமாகச் சொல்வாள், அன்று சொல்லவில்லை.

முடிவு செய்கிற நாளில் எல்லோரும் தலைமையாசிரியை அறையில் கூடினார்கள். வாலு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் தோல்வியை முன்கூட்டியே ஒத்துக்கொண்ட முகத்தோடு வந்திருந்தார்.

"சரி, பேசறதுக்கு என்ன இருக்கு? மெத்தையம்மா ஜெயிச்சுட்டாங்க. ரப்பரே போட்டுடலாம்."

"வேணாம் சார்" என்றாள் தையல்காரம்மா. "நடுவுல இருக்குல்ல, கெட்டி ஷீட்டு. அதையே போடுங்க."

"என்னம்மா இது? இத்தன நாளா என் முட்டிய தேய வெச்சுட்டு..." என்று கிண்டலாக ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் தரைக்காரர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்கல்ல? நாற்காலி ஓடுமான்னு. ஓடும். ஒண்ணு ஓடும்."

தரைக்காரருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வாய் ஓயாத அந்த மனுஷன் வெறுமனே தலையை மட்டும் ஆட்டினார். யாரும் கை தூக்கி ஓட்டுப் போடவில்லை, யாரும் மறுத்தும் பேசவில்லை. கூட்டம் அவ்வளவில் முடிந்தது. தலைமையாசிரியை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். புருஷனிடம் என்னவென்று சொல்வது என்று யோசித்தாள். தான் சொன்னதுதான் சரி என்று குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவன். குத்திக்காட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குள் தரைக்காரர் வெளியே போய் ரப்பர் பட்டையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். வாலு சும்மா இருப்பாளா?

"ஏன் மாமா சுருட்டறீங்க? இதத்தானே போடப் போறாங்க?"

"இல்லடா கண்ணு. உங்கம்மா வேணாம்னுட்டாங்க."

தையல்காரம்மா அறையை விட்டு வெளியே வந்தபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அழப் போகிறாள், கத்தப் போகிறாள், அந்தத் தரைமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை, எப்படிச் சமாளிப்பது என்று இவள் மனதுக்குள் வார்த்தை தேடினாள். கிட்டே வந்ததும்தான் பார்த்தாள். மகள் முகமெல்லாம் சிரிப்பு.

"நெஜமாவாம்மா? மெத்தைத் தரை வேணாம்னு நீயே சொல்லிட்டியா?"

"ஆமாடா."

வாலு அம்மாவின் கழுத்தை இழுத்துக் குனிய வைத்துக் காதோடு கேட்டாள். "அப்போ எனக்குச் சரியாயிடப் போகுதா? டாக்டர் சொல்லிட்டாரா?"

பிள்ளை போட்ட கணக்கில் தப்பே இல்லை. நான் விழுகிறேன் என்றுதான் அம்மா மெத்தைத் தரை கேட்டாள். இப்போது அம்மாவே வேண்டாம் என்கிறாள். அப்படியென்றால் நான் இனிமேல் விழமாட்டேன். இதைவிடத் தெளிவாக யார் யோசிக்க முடியும்?

ஒரு தலையாட்டல் போதும். இரண்டு வருடம் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும். வேறு யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள். இதுவரை அதைத்தான் அவளும் செய்துவந்தாள். ஆனால் உள்ளே அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்ததை, மகளிடம் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது? தையல்காரம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்து மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இல்லடா தங்கம். சரியாகாது."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவள் காதுக்கே அது வேறு யாரோ சொன்னதாகக் கேட்டது.

"கொஞ்ச நாள் போனா கால் இன்னும் வலுவில்லாம போயிடும். அப்போ நாற்காலில உக்காந்துதான் போகணும். சக்கரம் வெச்ச நாற்காலி. இந்த மெத்தைல அது ஓடாதும்மா. அந்தத் தரைல ஜம்முனு ஓடும். நீயே தள்ளிக்கலாம். யாரையும் கேக்க வேணாம். அதனாலதான் அம்மா அதப் போடச் சொன்னேன்."

வாலு சுருட்டப்படுகிற ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"வேணாம்மா. மெத்தையே போடச் சொல்லும்மா."

"கண்ணு..."

"மெத்தை இல்லன்னா டைல்ஸ் கூடப் பரவால்லம்மா. நான் விழுந்துக்கறேன். எத்தன தடவ வேணா விழுந்துக்கறேன். அழவே மாட்டேம்மா. போய்ச் சொல்லும்மா."

தையல்காரம்மா மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தரைக்காரர் சுருளைத் தோளில் தூக்கிவிட்டார், அவர்களைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். போக மனமில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.